டப்பாவில் இல்லாத பெயர்

போன வாரம் படிக்காமல் விட்டவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மேலே போகிறேன். கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே, மாந்தோப்பும் நெல்வயலும் சேருகிற இடத்தில் ஒரு தமிழ் மீடியம் பள்ளிக்கூடம். அதில் பிரதீபா மூன்றாம் வகுப்பு டீச்சர். அவள் மாமனார் குப்பண்ணன் அதே பள்ளிக்கு பி.டி.ஏ. பிரசிடெண்ட். பிரதீபாவின் ஒரே மகள் கிருத்திகா, எட்டு வயசு, அம்மாவின் வகுப்பிலேயே முதல் பெஞ்சு. பிரதீபா நாலு நாள் பயிற்சிக்குப் போயிருந்தபோது அவள் வகுப்பைப் பார்த்துக்கொண்டது, ஏலப்பாறைப் பக்கமிருந்து மாற்றலாகி வந்த அன்னாள் டீச்சர். வியாழக்கிழமை சாயங்காலம் அந்த அன்னாள் பிரதீபாவைத் தனியே கூப்பிட்டு, "கோவிக்காதீங்க டீச்சர், உங்க பிள்ளைக்கு வாசிக்கத் தெரியல" என்று சொன்னாள். அங்கேதான் நிறுத்தியிருந்தேன்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. காலை ஆறு மணி. அடுப்பில் பால் பொங்கி வழிகிறது, பிரதீபா பார்த்துக்கொண்டே நிற்கிறாள். அவள் மனசெல்லாம் அந்த டப்பாவில் இருந்தது.

டப்பா என்றால் பெரிய விஷயமில்லை, பிஸ்கட் டப்பா. உள்ளே ஐஸ் குச்சிகள். ஒவ்வொரு குச்சியிலும் ஒரு பிள்ளையின் பெயர். பிரதீபா முதலில் கேள்வியைக் கேட்பாள். மனசுக்குள் பத்து எண்ணி முடிக்கும் வரை ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது, கையும் தூக்கக் கூடாது. அதற்கப்புறம்தான் குச்சியை உருவுவாள். யார் பெயர் வருமோ தெரியாது என்பதால் அத்தனை பிள்ளையும் யோசித்தே ஆக வேண்டும். கை தூக்குகிற நாலு கெட்டிக்காரப் பிள்ளைகளை வைத்தே வருஷத்தை ஓட்டுகிற சோலி அவள் வகுப்பில் கிடையாது. பதில் தெரியாத பிள்ளையை நிற்க வைத்து மானத்தை வாங்குவதும் கிடையாது. பக்கத்துப் பிள்ளையோடு குசுகுசுவென்று பேசிவிட்டுச் சொல்லலாம். பயிற்சியில் இதை அவள் சொன்னபோது மற்ற டீச்சர்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

அன்னாள் வந்த முதல் நாளே ஹாஜர் புத்தகத்தைப் பார்த்தாள். இருபத்திமூன்று பிள்ளைகள். குச்சியை எண்ணினாள். இருபத்திரண்டு.

இல்லாத குச்சி கிருத்திகாவுடையது. தொலைந்தெல்லாம் போகவில்லை. ஜூன் மாசமே பிரதீபா எடுத்து அடுப்பில் போட்டுவிட்டாள். பள்ளி திறந்த முதல் வாரம் அந்தக் குச்சி ஒரே நாளில் இரண்டு தரம் வந்தது. டீச்சர் அவிய புள்ளையவே கேட்டுக்கறாங்க என்று பள்ளி கேட் பக்கம் ஒரு அம்மா சொன்னது காதில் விழுந்தது. வீட்டில் மாமனார் வேறு தினுசாகச் சொன்னார். பிரசிடெண்ட் ஊட்டுப் பிள்ளை நாலு பேருக்கு முன்னால் தப்பாகச் சொல்லிப்போட்டால் நல்லாவா இருக்கும் என்றார். மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி. சரி, இந்த வம்பே வேண்டாம் என்று குச்சியை எடுத்தவள்தான். பத்து மாசமாகச் சொந்தப் பிள்ளையைத் தனியாக ஒரு கேள்வி கேட்டதில்லை.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். அதைச் சொன்னவர் டீச்சர் வேலை பார்த்ததில்லை போலிருக்கிறது.

கிருத்திகாவும் லேசுப்பட்டவள் இல்லை. எல்லோரும் சேர்ந்து சொல்லும்போது அவள் குரல்தான் மேலே நிற்கும். போர்டைப் பார்த்து எழுதினால் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். அம்மா இட்லி ஊற்றிக்கொண்டே பாடத்தை ஒரு தரம் படித்தால் போதும், பிள்ளை ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பிக்கும். அதைப் படிப்பு என்று நினைத்து வீட்டில் மூன்று பேர் பூரித்துப்போய் இருந்தார்கள். பாடத்தில் இல்லாத ஒரு அட்டையை அன்னாள் அவள் கையில் கொடுத்ததும் பிள்ளை கண் எரிகிறது என்று சொல்லிவிட்டது. ஒவ்வொரு எழுத்தாகக் காட்டினால் சொல்கிறது. அதைக் கூட்டி ஒரு சொல்லாகப் படிக்கத்தான் வரவில்லை.

வேறு நாளாக இருந்தால் ஒரு பாட்டம் அழுதுவிட்டுத் திங்கட்கிழமையிலிருந்து உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கலாம். ஆனால் இன்றைக்குப் பள்ளியில் படிப்புத் திருவிழா. பிள்ளைகள் படித்ததைப் பெற்றவர்கள் முன்னால் காட்டுகிற நாள்.

போன பி.டி.ஏ. கூட்டத்தில் மாரீஸ்வரன் என்பவர் எழுந்து நின்று, தமிழ் ஸ்கூல் பிள்ளைகளுக்குச் சொந்தமாக ஒரு வரி படிக்க வருமா என்று கேட்டிருந்தார். அவர் மகள் யோகப்பிரியாவும் இதே மூன்றாம் வகுப்புதான். அவரோடு சேர்ந்து பதினொரு வீட்டுக்காரர்கள் டி.சி. வாங்கி, வாசலுக்கு வேன் வருகிற இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்கப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. குப்பண்ணனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அன்றைக்கு வருகிற பேப்பரைக் கொண்டு வாருங்கள், எந்த இடத்தை வேண்டுமானாலும் காட்டுங்கள், என் பேத்தி மைக்கில் படிப்பாள் என்று சபையில் வாக்குக் கொடுத்துவிட்டார்.

அந்த வாக்கு இன்றைக்கு மத்தியானம் ரெண்டு மணிக்கு. மேடையில் நிற்கப்போவது எட்டு வயசுப் பிள்ளை.

ஏழு மணிக்குக் குப்பண்ணன் பந்தல் வேலையைப் பார்த்துவிட்டு வந்து இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். சலவை வேட்டி, மடிப்புக் கலையாத துண்டு. முகத்தில் கல்யாண வீட்டுக் களை. பிரதீபா மூன்று தரம் சட்னி கொண்டுவந்து வைத்தாள். மூன்றாவது தரம்தான் வாய் வந்தது.

"மாமா, கிருத்திகாவ இன்னைக்கு விட்டுறலாமுங்க."

"ஏன் அம்மிணி?"

கேட்டாரே, சொல்லிவிட வேண்டியதுதானே. வாசலும் திறந்து கிடக்கிறது, வழியும் இருக்கிறது. அந்த நேரம் பார்த்து அவளுக்குத் தைரியம் போய்விட்டது. கூட்டத்தைக் கண்டால் பிள்ளை பயந்துக்குமுங்க என்றாள். குப்பண்ணன் சிரித்துவிட்டார். என் பேத்திக்கா பயம், நோம்பிக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்துப் பாடுகிறவள் என்று சொல்லிக்கொண்டே கை கழுவ எழுந்தார். இந்த ஒரு நிமிஷத்துக்காகப் பிரதீபா பின்னால் எத்தனை நாள் தலையில் அடித்துக்கொள்ளப் போகிறாளோ, அது எனக்கே தெரியாது.

புருஷனிடம் மறைக்கவில்லை. தனபால் மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தான். அவள் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும் வரை அவன் வாளியைக் கீழே வைக்கவில்லை.

"உனக்குத் தெரியாமயா இருந்துச்சு? நீதான டீச்சரு?"

"தெரியலைங்க."

"அப்பன்கிட்டச் சொன்னியா?"

அவள் மாட்டின் கயிற்றைச் சரிசெய்யப் போனதிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. தனபால் நல்லவன். ஆனால் நாற்பது வயசிலும் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டால் போனை வைத்துவிடுகிறவன். அப்பா சபையில் சொன்ன சொல் விழுவதா, பிள்ளை பொய்யாகப் படிப்பதா என்று வந்தால் அவன் எதைப் பிடித்துக்கொள்வான் என்று கேட்கவே வேண்டாம். ஐந்து நிமிஷத்தில் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டான்.

வழி இதுதான். பேப்பர் ஏழரைக்கு பஸ் ஸ்டாப்புக்கு வந்துவிடும். அவன் போய் ஒன்று வாங்கி வருவான். முதல் பக்கத்தில் கீழே ஒரு சின்னச் செய்தியாகப் பார்த்து பிரதீபா சொல்லிக்கொடுக்க வேண்டியது. பஞ்சாயத்து மெம்பர் பூபதிராஜா இவன் சேக்காளி. மற்றவர்கள் எழுவதற்குள் அவனே மேடையில் பேப்பரை எடுத்து நீட்டிவிடுவான். அந்த இடத்தையே மடித்துக் கொடுக்கச் சொல்லிவிடலாம். பிள்ளைதான் ரெண்டு தரம் கேட்டால் ஒப்பித்துவிடுகிறாளே.

வேண்டாமுங்க என்று பிரதீபா ஒரு தரம் சொன்னாள். ஒரே தரம்தான்.

செய்தி வாய்க்கால் தண்ணீரைப் பற்றியது. தண்ணீர் திறப்பு ஒரு வாரம் தள்ளிவைப்பு, விவசாயிகள் ஏமாற்றம் என்று ஒன்பது வரி. அடுப்படித் தரையில் மகளை உட்கார வைத்துப் பிரதீபா படிக்க ஆரம்பித்தாள். கிருத்திகா பேப்பரைப் பார்க்கவே இல்லை. அம்மாவின் வாயையே பார்த்தாள். உதடு எங்கே குவிகிறது, எங்கே மூச்சு வாங்குகிறது என்று அத்தனையும் அந்தக் கண்ணுக்குள் போயிற்று. எத்தனை நாள் இதே அடுப்படியில் பிரதீபா இதே கண்ணைப் பார்த்திருப்பாள், பிள்ளை எவ்வளவு கவனம் என்று பெருமைகூடப் பட்டிருக்கிறாள்.

மூன்றாவது தரம் கிருத்திகா தானாகவே சொல்லிவிட்டாள். சொல்லி முடித்து, "விரல எங்க வெக்கோணும்?" என்று கேட்டாள்.

எந்த வரிக்கு விரல் எங்கே நகர வேண்டும் என்பதையும் பிரதீபா சொல்லிக்கொடுத்தாள். ஆமாம், அவளேதான். நான் எதையும் மூடி மறைக்கப் போவதில்லை.

பள்ளிக்கூடத்தில் அன்றைக்குப் பாடம் கிடையாது. மாவிலைத் தோரணமும் காகித மாலையுமாக ஒரே அமளி. பதினொன்றரைக்கு அன்னாள் வந்து பிரதீபாவின் கையைப் பிடித்து வகுப்புக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். கிருத்திகா வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தண்ணீர் திறப்பு, தண்ணீர் திறப்பு என்று முணுமுணுத்துக்கொண்டிருந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

"மனப்பாடம் பண்ண வச்சீங்களா டீச்சர்?"

பிரதீபா தலையை ஆட்டினாள்.

அன்னாள் சத்தம் போடவில்லை. தன் கதையைச் சொன்னாள். அவள் படித்த எஸ்டேட் பள்ளியில் ரெண்டு கிளாசுக்கு ஒரே ரூம், ஒரே சார். சார் ஒரு வரி சொல்வார், அறுபது பிள்ளைகள் திருப்பிக் கத்த வேண்டும். அன்னாள்தான் எல்லோரையும் விடச் சத்தமாகக் கத்துவாள். கத்தினால் சார் தன்னைத் தனியாகக் கேட்க மாட்டார் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. ஐந்தாம் வகுப்பில் பஸ் போர்டைப் படிக்கத் தெரியாமல் வேறு பஸ்ஸில் ஏறி, வண்டிப்பெரியாரில் இறங்கி அழுதபோதுதான் வீட்டுக்கு விஷயம் தெரிந்ததாம்.

"அதான் டீச்சர், கூட்டத்துல சத்தமா சொல்ற பிள்ளையத்தான் நான் முதல்ல சந்தேகப்படுவேன். காய்ச்சல்னு சொல்லி வீட்டுக்கு அனுப்பிருங்க. பிள்ளைய அங்க ஏத்தாதீங்க."

இந்த ரெண்டு மணி மட்டும் கழியட்டும், அப்புறம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள் பிரதீபா. மாமனாருக்கு முகம் இருக்காது என்றாள். பதினொரு பிள்ளையும் போய்விடும் என்றாள். அவள் சொன்ன காரணங்கள் எல்லாமே நிஜம்தான். அன்னாள் கேட்டுக்கொண்டு கதவைத் திறந்துவிட்டாள். பிள்ளைக்கு இது கடைசித் தரமா இருக்கணும் டீச்சர் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

ரெண்டு மணிக்குப் பந்தல் நிறைந்துவிட்டது. மார்ச் மாச வெயில், தகரத்துக்கு மேல் காய்கிறது. முன்வரிசையில் வேட்டிக்காரர்கள், பின்னால் கைக்குழந்தையோடு பெண்கள். ஹெட்மாஸ்டர் ஜெகன் மாஷ் வரவேற்றார். ரெண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கும்மி அடித்தார்கள். அதெல்லாம் யாருக்கு வேண்டும், ஜனம் காத்திருந்தது பேப்பருக்குத்தான். பிரதீபா மேடையின் ஓரத்துப் படியில் நின்றாள்.

குப்பண்ணன் மைக்கைப் பிடித்தார். தமிழில் படித்தால் பிள்ளை மட்டமாகப் போய்விடுமா என்று ஒரு பிடி பிடித்தார். பிறகு பேத்தியின் தோளில் கை வைத்து, யார் வேண்டுமானாலும் பேப்பரைக் கொடுக்கலாம் என்றார்.

ஏற்பாடு செய்தபடி பூபதிராஜா எழுந்தான். கையில் மடித்த பேப்பர். ரெண்டு எட்டு வைத்திருப்பான், மாரீஸ்வரன் குறுக்கே வந்துவிட்டார். மெம்பர் கையில் இருப்பது வேண்டாம் என்று தணிவாகத்தான் சொன்னார். தன் கக்கத்திலிருந்த பேப்பரை எடுத்து நடுப்பக்கத்தை மடித்துக் கிருத்திகாவிடம் கொடுத்தார். அந்தப் பக்கத்தில் மாந்தோப்புக்குள் புகுந்த யானையைப் பற்றிய செய்தி, மேலே யானைப் படம். கொடுத்துவிட்டு அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

பின்வரிசையில் நின்ற தனபால் கண்ணை மூடிக்கொண்டான். பிரதீபாவால் அதுகூட முடியவில்லை.

கிருத்திகா பேப்பரைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் விரலை வைத்தாள்.

"வாய்க்காலில் தண்ணீர் திறப்பு ஒரு வாரம் தள்ளிவைப்பு. விவசாயிகள் ஏமாற்றம்."

கணீரென்று வந்தது குரல். ஒன்பது வரி. ஒரு இடத்திலும் தட்டவில்லை. மூச்சு வாங்க வேண்டிய இடத்தில் வாங்கினாள். வரிக்கு வரி விரல் நகர்ந்தது, யானையின் தும்பிக்கை மேல், காலின் மேல், வாலின் மேல். கீழே இருப்பவர்களுக்கு அது எங்கே தெரியப்போகிறது. முன்வரிசையில் ரெண்டு பேர் பிள்ளை படிப்பதையே மறந்துவிட்டுத் தண்ணீர் தள்ளிப்போனதற்குப் பல்லைக் கடித்தார்கள். முடிந்ததும் கைதட்டல் பந்தலைத் தூக்கியது. குப்பண்ணன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கிருத்திகா மறுபடியும் அம்மாவைத்தான் பார்த்தாள். சரியாகச் சொல்லிவிட்டேனா என்று கேட்கிற பார்வை.

கை தட்டாத ஒரே ஆள் மாரீஸ்வரன். மனுஷன் நினைத்திருந்தால் அந்த இடத்திலேயே பேப்பரைப் பிடுங்கிக் கூட்டத்துக்கு யானையைக் காட்டியிருக்கலாம். கத்தியிருக்கலாம், சிரித்திருக்கலாம். அவர் மெல்ல நடந்து படிக்கு வந்து, பிரதீபாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டார்.

"என்ர யோகப்பிரியாவும் இப்பிடித்தான் படிக்கறாளுங்களா டீச்சர்?"

அதில் குத்தல் இல்லை. பயம்தான் இருந்தது. நேற்று சாயங்காலத்திலிருந்து தன் நெஞ்சில் உட்கார்ந்திருந்த அதே பயம் என்று பிரதீபாவுக்குத் தெரிந்தது. இல்லைங்க என்று அவள் சொன்னாலும் இந்த மனுஷன் இனி எப்படி நம்புவார்? எந்தத் தகப்பன் நம்புவான்?

பிரதீபா படியேறி மைக்குக்குப் போனாள்.

பாராட்டப் போகிறாள் என்று ஜனம் அமைதியானது. குப்பண்ணன் இடம் விட்டு ஒதுங்கி நின்றார். அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ர புள்ள இப்பப் படிக்கலைங்க. காலைல நான் சொல்லிக் குடுத்தத ஒப்பிச்சா. அவளுக்குப் படிக்கத் தெரியாதுங்க."



இது பிள்ளையின் தப்பு இல்லை என்றாள். தன் வகுப்பில் இருபத்திமூன்று பிள்ளைகள், அதில் பத்து மாசமாகத் தான் ஒரு கேள்விகூடக் கேட்காத பிள்ளை இவள் ஒருத்திதான் என்றாள். சொந்தப் பிள்ளைக்குச் சலுகை என்று பேச்சு வரக்கூடாது, தப்பாகச் சொன்னால் குடும்பத்துக்குக் கேவலம் வரக்கூடாது என்று பார்த்துப் பார்த்து, கடைசியில் பிள்ளையைத்தான் பார்க்காமல் விட்டேன் என்றாள். மற்ற இருபத்திரண்டு பேரையும் தினமும் கேட்டிருக்கிறேன், அவர்கள் படிப்பார்கள், என்னை நம்ப வேண்டாம், வகுப்புக்கு வந்து உட்கார்ந்து பாருங்கள் என்றாள்.

தென்னை மரத்துப் பக்கமிருந்து யாரோ, வாத்தியார் பிள்ளை மக்கு என்று சும்மாவா சொன்னாங்க என்றார்கள். நாலு பேர் சிரித்தார்கள். கிருத்திகா அந்தப் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். அன்னாள் ஓடி வந்து பிள்ளையை இறக்கி வகுப்புக்குக் கூட்டிப்போனாள். மகளைக் கூட்டத்துக்கு முன்னால் நிற்க வைத்துவிட்டு உண்மை பேசினோமே, முதலில் அவளை அனுப்பிவிட்டுப் பேசியிருக்கக் கூடாதா என்று பிரதீபாவுக்கு அப்போதுதான் உறைத்தது. எத்தனை வருஷம் டீச்சராக இருந்து என்ன.

குப்பண்ணன் துண்டைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டார். மருமகளுக்கு நேராக வந்து நின்றார். திட்டுவார் என்று எல்லோரும் பார்த்தார்கள்.

"காலைல கேட்டனே அம்மிணி," என்றார்.

அவ்வளவுதான். படியிறங்கி, யார் முகத்தையும் பார்க்காமல் கேட்டைத் தாண்டிப் போய்விட்டார். தனபால் பிரதீபாவை ஒரு தரம் பார்த்தான், அப்பா போன திசையைப் பார்த்தான். அப்பா பின்னாலேயே போனான்.

கூட்டம் கலைந்தபோது மாரீஸ்வரன் ஹெட்மாஸ்டரிடம் வந்தார். திங்கட்கிழமை பத்து மணிக்குப் பதினொரு வீட்டுக்காரர்களும் மூன்றாம் வகுப்பில் பின்பெஞ்சில் வந்து உட்காருவோம், பிள்ளைகளை ஒவ்வொருத்தராகப் படிக்கச் சொல்ல வேண்டும், அதற்கப்புறம் முடிவு சொல்கிறோம் என்றார். டி.சி. கேட்டு எழுதிக் கொண்டுவந்த அபேட்சை அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. அவர் அதை வெளியே எடுக்கவில்லை. பிரதீபா அந்தச் சட்டைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் மூச்சு வந்தது.

நாலு மணிக்கு ஜெகன் மாஷ் அவளை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டு அனுப்பினார்.

மேஜை மேல் ஒரே ஒரு தாள். அதன் மேல் பேனாவை வைத்திருந்தார். மாரீஸ்வரன் மனசு மாறித் திரும்பி வந்திருப்பார் என்றுதான் பிரதீபா நினைத்தாள். மாஷ் பேச்சை எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மூணே முக்காலுக்கு வந்தது டீச்சர். நான் இன்னும் எந்த ரெஜிஸ்டர்லயும் ஏத்தல. திங்கக்கிழம வரைக்கும் கையில வெச்சிருக்கலாம், அதுக்கு மேல எனக்கு முடியாது."

பிரதீபா தாளை எடுத்தாள். சாய்ந்து சாய்ந்து போகிற எழுத்து. இந்த எழுத்தில்தான் மாமனாரின் பி.டி.ஏ. நோட்டீஸ் எல்லாம் வரும். மாற்றுச் சான்றிதழ் கோரி என்று மேலே எழுதியிருந்தது. பிள்ளையின் பெயர் கிருத்திகா, மூன்றாம் வகுப்பு. அடியில் தகப்பன் கையெழுத்து. தனபால்.

பதினொரு வீட்டுக்காரர்களும் பொறுத்திருக்கிறார்கள். முதல் தாள் அவள் வீட்டிலிருந்து வந்திருக்கிறது.

கொண்டு வந்து கொடுத்த தனபால் ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டாள். நிமிர்ந்தே பார்க்கவில்லை என்றார் மாஷ். அம்மா கையெழுத்தும் வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா என்று கேட்டாள். தகப்பன் போட்டால் போதும் என்று சொல்லிவிட்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வேலை போனால் போகட்டும் என்று துணிந்துதான் மைக்குக்குப் போனாள். பிள்ளையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. இன்னொரு பள்ளி, இன்னொரு முதல் பெஞ்சு, அங்கேயும் இவள் சத்தமாக ஒப்பிப்பாள், யாருக்கும் தெரியாது. ஐந்தாம் வகுப்பு, ஆறாம் வகுப்பு என்று அப்படியே போய்விடுவாள். பிரதீபா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

பையை மாட்டிக்கொண்டு கிருத்திகா உள்ளே வந்தாள். அழுத முகத்தை யாரோ கழுவிவிட்டிருந்தார்கள். அம்மாவின் பக்கத்தில் ஒட்டி நின்று தாளை எட்டிப் பார்த்தாள்.

"இதுல என்ர பேரு இருக்குது," என்றாள். தன் பெயர் மட்டும் அவளுக்கு எங்கே பார்த்தாலும் தெரியும்.

பிரதீபா மடிக்கப் போனாள். அதற்குள் பிள்ளை விரலை வைத்துவிட்டாள். முதல் வரியில், முதல் எழுத்தில். காலையில் யாரும் சொல்லிக்கொடுக்காத இடம்.

"மா..."

ஜன்னல் பக்கம் நின்ற மாஷ் திரும்பினார். பிள்ளையின் கண் அம்மாவின் வாயைத் தேடவில்லை, தாளிலேயே இருந்தது. நெற்றி சுருங்கியது. அடுத்த எழுத்தில் நின்றாள், பின்னால் வந்தாள், மறுபடியும் போனாள்.

"மாற்... மாற்று."

யாரும் எடுத்துக் கொடுக்காமல் கிருத்திகா கூட்டிப் படித்த முதல் சொல். பிரதீபாவுக்கு ஒரு நொடி சந்தோஷம்தான் வந்தது, என்ன கொடுமை பாருங்கள். மகளை இழுத்துக் கட்டிக்கொள்ளக் கை எழுந்தது.

கிருத்திகா நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா, என்னைய எங்க மாத்தறாங்க?"